செட்டு ஓடுகிறது, லோடு எடுக்கவில்லை

பெங்களூரின் கோடை மழை தரையை நனைப்பதற்கு முன்பே எங்காவது ஒரு மரத்தைச் சாய்த்துவிடும். சென்ற ஏப்ரலில் அப்படி ஓர் இரவில், ஒயிட்ஃபீல்டு பக்கம் நான் மின் பராமரிப்பைக் கவனித்துக்கொள்ளும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்பதே முக்கால் மணிக்குக் கரன்ட் போனது. இரண்டு நிமிடத்தில் எனக்குப் போன் வந்தது. தர்மபுரிப் பக்கத்துப் பையன், இரவுப் பணி ஆபரேட்டர், மூச்சு வாங்கச் சொன்னான்: "சார், செட்டு ஓடுது, லோடு எடுக்கல."

ஜெனரேட்டர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த நான்கு சொற்களே போதும். இன்ஜின் கிளம்பவில்லை என்றால் பேட்டரி, டீசல், செல்ஃப் மோட்டார் என்று தேட வேண்டிய இடங்கள் உடனே மனதில் வந்து நிற்கும். இன்ஜின் ஓடுகிறது, திரையில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அழகாகக் காட்டுகிறது, ஆனால் எட்டு பிளாக்கும் இருட்டில் கிடக்கின்றன என்றால், கோளாறு இயந்திரத்தில் இல்லை, அதை ஆளுகிற கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஏ.சி.பி.யை, அதாவது ஜெனரேட்டரைச் சுமையோடு இணைக்கும் பெரிய பிரேக்கரை, கையால் போடச் சொல்லிப் போனிலேயே வழிகாட்டியிருக்கலாம்; எனக்கு மனம் வரவில்லை. வெளி மின்சாரத்தின் பிரேக்கர் உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் ஜெனரேட்டர் பிரேக்கரை மூடச் சொன்னால் நம் மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாயலாம்; அது, தெருவில் கம்பி சரிசெய்ய ஏணியில் ஏறியிருக்கும் யாரோ ஒருவருடைய உயிரோடு விளையாடுவதாகும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பினேன்.

எங்களிடம் இருப்பது 500 கே.வி.ஏ. செட். முழுச் சுமையில் ஏறத்தாழ 695 ஆம்பியர் வரும் என்பதால், காண்டாக்டர்களுக்குப் பதிலாக 800 ஆம்பியர் ஏ.சி.பி. இரண்டு, ஒன்று மெயின்ஸ் என்று நாங்கள் சொல்லும் வெளி மின்சாரத்துக்கு, மற்றது ஜெனரேட்டருக்கு. இரண்டையும், கரன்ட் போனால் தானாக ஜெனரேட்டருக்கு மாற்றும் ஏ.எம்.எஃப். பேனலில் உள்ள கன்ட்ரோலர் ஆள்கிறது. டீப் சீ, காம்அப், செடெமாக் என்று சந்தையில் பல பெயர்களில் கிடைத்தாலும் இந்தக் கன்ட்ரோலர்கள் எல்லாம் செய்யும் வேலையின் வரிசை ஒன்றுதான். மூன்று பேஸின் வோல்டேஜையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வைத்த அளவுக்குக் கீழே போனால் சில நொடிகள் பொறுக்கும். அப்போதும் திரும்பாவிட்டால் இன்ஜினைக் கிளப்பும். வேகமும் வோல்டேஜும் நிலைத்ததும் மெயின்ஸ் பிரேக்கரைத் திறந்து ஜெனரேட்டர் பிரேக்கரை மூடும். கரன்ட் வந்த பிறகு உடனே நம்பிவிடாமல் மீண்டும் ஒரு பொறுமை, சுமையைத் திருப்பி மாற்றுதல், பிறகு இன்ஜினைச் சுமையில்லாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆறவிட்டு நிறுத்துதல். ஆள் நின்று செய்தால் பத்து நிமிடம் பதற்றத்தோடு செய்கிற வேலை இது.

நான் போய்ச் சேர்ந்தபோது பேனலின் முகப்பில் ஜெனரேட்டர் பிரேக்கர் மூடியிருப்பதாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரேக்கரின் உடம்பில் உள்ள சிறிய சன்னலிலோ 'திறந்திருக்கிறது' என்ற குறி. இரண்டில் எதை நம்புவது என்ற கேள்விக்கே இடமில்லை. சன்னலில் தெரிவது பிரேக்கரின் அச்சோடு பிணைந்த தகடு, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. பச்சை விளக்கு காட்டியது கன்ட்ரோலர் இட்ட ஆணையை மட்டுமே. பிரேக்கரிலிருந்து 'மூடிவிட்டேன்' என்று திரும்பச் சொல்லும் ஃபீட்பேக் வயரை எங்கள் பேனலில் யாருமே இணைத்திருக்கவில்லை. அந்த வயர் இல்லாத கன்ட்ரோலர், தான் சொன்னதையே நடந்ததாக எடுத்துக்கொள்ளும். வீட்டில் குழந்தையிடம் "பல் தேய்" என்று சொல்லிவிட்டு, தேய்த்துவிட்டதாக நாமே முடிவு செய்துகொள்வது போன்றதுதான்.

மெயின்ஸ் பிரேக்கர் திறந்திருப்பதைச் சன்னலில் உறுதி செய்துகொண்டு, ஜெனரேட்டர் பிரேக்கரின் ஸ்பிரிங் முறுக்கேறியிருப்பதையும் பார்த்துவிட்டு, அதன் முகப்புப் பொத்தானைக் கையால் அழுத்தினேன். 'டம்' என்ற ஓசையோடு மூடியது. அதுவரை இருபத்தெட்டு நிமிடம் இருட்டு. ஒன்பதாவது மாடியில் ஆக்சிஜன் கருவியோடு வாழும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் மாற்றுச் சிலிண்டர் இருந்ததால் ஆபத்து நேரவில்லை. ஆனால் அவருடைய மகள் மறுநாள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லாமல் கடந்து போனது, சங்கக் கூட்டத்தில் வாங்கிய வசவுகளைவிட அதிகமாக உறுத்தியது.

காலையில் மெயின்ஸ் பிரேக்கரை நிறுத்தி, வெளியே இழுத்துப் பார்த்தோம். ஜெனரேட்டர் பிரேக்கரை மூடும் காயிலுக்கான ஆணை, மெயின்ஸ் பிரேக்கரில் உள்ள ஒரு துணைக் காண்டாக்ட் வழியாகத்தான் போக வேண்டும். மெயின்ஸ் பிரேக்கர் திறந்தால் மட்டுமே அந்தக் காண்டாக்ட் சேரும். இரண்டு மின்சாரமும் ஒருபோதும் மோதக் கூடாது என்பதற்காக வைத்த இன்டர்லாக் அது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் காண்டாக்டின் ஒரு பக்கம் 24 வோல்ட், மறு பக்கம் ஒன்றுமில்லை. கட்டைவிரல் அளவே உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் கட்டி. அதன் உள்ளே போய் வர வேண்டிய சிறு தண்டில், என்றோ தடவிய கிரீஸ் புகையும் தூசியும் சேர்ந்து புளியம்பிசின் போல் இறுகிப் போயிருந்தது. விரலால் தள்ளினால் பாதி வழியில் நின்றுவிடும்; இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 'டிக்' என்று சேரும். நூறு ரூபாய்க் கணக்கில் விலை போகிற ஒரு துண்டு, பல லட்ச ரூபாய் செட்டைப் பேசா மடந்தையாக்கிவிட்டது.

இதில் என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது வேறொன்று. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் பத்து நிமிடம் செட்டை ஓட்டிப் பார்த்து, எண்ணெய் அழுத்தம், தண்ணீர் வெப்பம், வோல்டேஜ், பேட்டரி என்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தோம். ஐந்து மாதத்துப் பக்கங்களைப் புரட்டினேன். எல்லா வாரமும் 'சரி'. அத்தனையும் உண்மைதான். ஆனால் பேனலில் மேனுவல் பொத்தானை அழுத்தி, சுமை ஏற்றாமல் ஓட்டுகிற சோதனையில் மெயின்ஸ் பிரேக்கர் திறப்பதே இல்லை. திறக்காத பிரேக்கரின் துணைக் காண்டாக்ட் அசைவதும் இல்லை. இன்ஜின் கிளம்புமா என்ற கேள்வியை மட்டுமே இருபது முறை கேட்டு, இருபது முறையும் விடை பெற்றிருக்கிறோம். கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை இருந்ததில்லை. வாரம் மூன்று முறை கரன்ட் போகும். போகிற போதெல்லாம் இந்த வரிசை முழுவதும் தானாகவே சோதிக்கப்பட்டுவிடும். எங்கள் பகுதியின் 11 கே.வி. கம்பிகள் தரையடிக் கேபிளாக மாறிய பிறகு மின்வெட்டு அரிதாகிவிட்டது. வந்தாலும் சில நொடிகளில் திரும்பிவிடும், கன்ட்ரோலரின் பொறுமை எல்லைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளி மின்சாரம் நன்றாக ஆக ஆக, மாற்று மின்சாரத்தின் கட்டுப்பாடு துருப்பிடிக்கிறது. இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டியவன் நான்.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தின் மின்பிரிவில் வேலை பார்த்தவர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துக் கொண்டுவந்த மின்சாரம் பெங்களூரு நகருக்குக் கிடைப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே எங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு மிடுக்கு உண்டு. சுரங்கத்தில் கூண்டு நீண்ட நேரம் நின்றிருந்தால், ஆள் ஏறுவதற்கு முன் அதை வெறுங்கூண்டாக ஆழம் முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்ப்பார்களாம். மேலே நின்று மோட்டார் சத்தத்தைக் கேட்டுவிட்டு 'சரி' என்று எழுதியிருந்தால் அப்பாவிடம் அடி வாங்கியிருப்பேன்.

மே மாதத்திலிருந்து முறையை மாற்றினோம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மெயின்ஸ் பக்கத்தையே நிறுத்திவிடுகிறோம். கன்ட்ரோலருக்கு இது சோதனை என்று தெரியாது. பொறுக்கிறதா, கிளப்புகிறதா, மாற்றுகிறதா என்று கையில் கடிகாரத்தோடு நிற்கிறோம். அரை மணி நேரம் உண்மையான சுமையில் ஓட்டுகிறோம். சுமையில்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கரிய எண்ணெய்ப் பிசுக்கு சேரும் என்பதால் இன்ஜினுக்கும் இது நல்லது. முப்பது சதவீதச் சுமைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். முந்தின நாள் மாலை வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டும், முதல் மாதம் நான்கு பேர் சண்டைக்கு வந்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகச் சொன்ன ஒருவரை, லிஃப்டின் பேட்டரிக் கருவி அடுத்த மாடியில் பத்திரமாக இறக்கிவிட்டிருந்தது. அதையும் அன்றே சோதித்துப் பார்த்த திருப்தி எனக்கு.

முதல் சோதனையிலேயே இரண்டாவது குறை வெளிவந்தது. பொத்தானை அழுத்தி ஓட்டும்போது சமர்த்தாகக் கிளம்பிய இன்ஜின், மெயின்ஸை நிறுத்தியபோது முதல் முயற்சியில் தடுமாறி இரண்டாவதில்தான் கிளம்பியது. காரணம் எளிது. எங்களுடையது 24 வோல்ட் அமைப்பு, 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக. பேட்டரி சார்ஜர் மெயின்ஸில் ஓடுகிறது. திங்கட்கிழமைச் சோதனையில் மெயின்ஸ் இருப்பதால், சார்ஜரும் ஓரளவு தோள் கொடுத்துப் பேட்டரியின் பலவீனத்தை மறைத்திருக்கலாம். மெயின்ஸ் போனால் அந்த முட்டு விலகிவிடும். நிற்கும் நிலையில் மீட்டர் 25.2 என்று காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கிற நொடியில் 15க்கு இறங்கியது. 18க்குக் கீழே போனாலே நான் சந்தேகப்படுவேன். அந்த அளவு இறங்கினால் கன்ட்ரோலரே ஒரு கணம் அணைந்து, விட்ட இடத்தை மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளந்தபோது ஒன்றுதான் கெட்டிருந்தது. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். பழையதோடு புதியதைத் தொடராகக் கட்டினால் புதியதும் சீக்கிரமே பழையதாகிவிடும். சங்கப் பொருளாளர் இதை நம்ப மறுத்து ஒரு வாரம் கோப்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

கன்ட்ரோலரில் வைக்கும் நேரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெயின்ஸ் திரும்பியதும் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதை எங்கள் செட்டில் யாரோ ஐந்து நொடி என்று வைத்திருந்தார்கள், டீசல் மிச்சம் என்ற எண்ணத்தில். மழை இரவில் கரன்ட் வந்து வந்து போகும். ஒவ்வொரு முறையும் சுமை இங்கும் அங்கும் தாவினால், லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் படாத பாடு படும். இப்போது மூன்று நிமிடம் வைத்திருக்கிறேன். அதற்குள் மீண்டும் போனால் வீடுகளுக்குத் தெரியவே தெரியாது. ஆறும் நேரத்தில் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினே சுமையை உடனே ஏற்றுக்கொள்ளும்.

மூன்று பேஸையும் பார்க்கும்படி கன்ட்ரோலரை அமைத்திருக்கிறதா என்பது அடுத்தது. பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் ஆர் பேஸை மட்டும் பார்க்கும்படி விட்டிருந்தார்கள். ஒருநாள் டிரான்ஸ்ஃபார்மரின் உயரழுத்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஃபியூஸ் போனது. டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் அப்படி நேர்ந்தால் தாழழுத்தப் பக்கம் ஒரு பேஸ் முழுதாக 240 வோல்ட்டும், மற்ற இரண்டும் பாதியாக 120 வோல்ட் அளவிலும் நிற்கும். முழுதாக நின்றது ஆர் பேஸ். கன்ட்ரோலர் அதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. கீழே மூன்று பேஸ் மோட்டார்கள் முனகி முனகி, இரண்டு கருகிப் போயின. அங்கே இருந்த எலக்ட்ரீஷியன் நண்பர் என்னை அழைத்து, "அண்ணே, பாதி வீட்டுல பல்பு மங்கலா எரியுது, ஜெனரேட்டர் ஏன் வரல?" என்று கேட்டபோதுதான் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது. அன்று மாலையே எங்கள் பேனலில் போய்ப் பார்த்தேன். நல்லவேளை, மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

எண்ணெய் அழுத்த சுவிட்ச் இன்னும் நுட்பமானது. பல செட்டுகளில் இன்ஜின் நிற்கும்போது அந்த சுவிட்ச் பூமியோடு சேர்ந்திருக்கும், அழுத்தம் ஏறியதும் பிரியும். இதன் பொருள், எலி வயரைக் கடித்துத் துண்டித்துவிட்டால் கன்ட்ரோலருக்கு அது நல்ல அழுத்தமாகவே தெரியும். எண்ணெயே இல்லாமல் இன்ஜின் ஓடினாலும் நிறுத்தாது. ஆகவே இன்ஜின் நின்றிருக்கும்போது திரையில் 'அழுத்தம் இல்லை' என்று காட்டுகிறதா என்பதைப் பார்க்கச் சொல்லி ஆபரேட்டர்களுக்குப் பழக்கியிருக்கிறேன். நிற்கும் இன்ஜின் அழுத்தம் இருப்பதாகக் காட்டினால் அதுதான் அபாயம். தண்ணீர் வெப்ப சுவிட்ச் அடிக்கடி டிரிப் செய்கிறது என்று வயரைக் கழற்றிவிடும் சர்வீஸ்காரர்களை நான் உள்ளேயே விடுவதில்லை. ஒருவரைப் பாதி வேலையில் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நடக்கும் தவறு இவை எதுவுமே இல்லை. சர்வீஸ் செய்ய வந்தவர், பாதுகாப்புக்காகக் கன்ட்ரோலரை நிறுத்த நிலையில் வைப்பார், சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்தி வைப்பார்; இரண்டும் சரியான செயல். எண்ணெய் மாற்றி, ஃபில்டர் மாற்றி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ஆட்டோ நிலைக்குத் திருப்ப மறந்துவிடுவார். அடுத்த மின்வெட்டு வரை யாருக்கும் தெரியாது. இதற்காக 'ஆட்டோவில் இல்லை' என்ற கன்ட்ரோலர் வெளியீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து, காவலாளி அறையில் ஒரு சிவப்பு விளக்கு போட்டிருக்கிறோம். விளக்கின் கீழே கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒரே வரி: இது எரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடவும். இரவுக் காவலாளி அசாம்காரர். மூன்றையும் வாசிக்கத் தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆபரேட்டர் பையன் அவருக்குச் சைகையிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டான். எழுத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது.

புதிதாகச் செட் வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 2023 ஜூலை 1 முதல் 800 கிலோவாட் வரையிலான செட்டுகளுக்கு நான்காம் கட்ட மேல்நிலை மாசு விதிமுறை வந்துவிட்டது. அந்த இன்ஜின்களில் எரிபொருளையும் புகையையும் ஆள்வதற்கே தனியாக ஒரு மின்னணு மூளை இருக்கிறது. பேனல் கன்ட்ரோலர் அதனோடு இரட்டை வயரில் பேசிக்கொள்கிறது. அந்த இரண்டு வயர்களின் முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள் என்பதைத் தவிர, அதைப் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு இன்னும் போதிய அனுபவம் சேரவில்லை.

விடுபட்டுக் கிடந்த ஃபீட்பேக் வயரை ஜூனில் இணைத்துவிட்டோம். இரண்டு பிரேக்கர்களிலிருந்தும் இப்போது பதில் வருகிறது. ஆணை போய்ச் சில நொடிக்குள் பிரேக்கர் மூடவில்லை என்றால் கன்ட்ரோலர் கூச்சலிடும். அது உண்மையாகவே கூச்சலிடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சென்ற ஞாயிறு சோதனையின்போது மூடும் காயிலின் வயரை வேண்டுமென்றே கழற்றி வைத்தேன். மெயின்ஸ் நின்ற ஐந்தாவது நொடியில் செல்ஃப் அடித்தது, பன்னிரண்டாவது நொடியில் வோல்டேஜ் நிலைத்தது, பதினெட்டாவது நொடியில் சைரன் அலறியது. ஆபரேட்டர் பையன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நிகழ்ச்சிப் பதிவில் மட்டும் அந்த அலாரம் 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அடித்ததாக விழுந்திருந்தது. கன்ட்ரோலர் உள்ளே இருக்கும் கடிகாரத்தின் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது போலும். எஸ்.பி. ரோட்டில் சனிக்கிழமை வாங்கி வர வேண்டும்.